அச்சகத்தில் தொடங்கி கூலாய்வரை: ஸ்டைல் ஷீட் வந்த வழி

ஜோகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர், பாலத்தில் பேருந்து நகராமல் நிற்கும்போது கைப்பேசியில் செய்தி படிக்கிறார். அலுவலகம் சேர்ந்து அதே செய்தியைக் கணினியில் திறக்கிறார். மேலே இருந்த படம் ஓரத்துக்குப் போயிருக்கிறது, எழுத்து பெருத்திருக்கிறது, வரிசை வரிசையாக வேறு செய்திகளும் பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஆனால் செய்தியில் ஒரு சொல்கூட மாறவில்லை. இந்த மாயத்தைச் செய்வது சிஎஸ்எஸ் எனப்படும் ஸ்டைல் ஷீட் என்பது இணையதளம் கட்டுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் விழிப்பார்கள். பழைய அச்சுக்கூடங்கள், வக்கீல் வேலையை விட்ட ஒருவர், மதுக்கடையில் பேசிய வேடிக்கை, கடைசியில் சரியாகிப்போன ஒரு பிழை என்று அதன் வழி சுவையானது.

கணினிக்கு வெகு முன்பே அச்சுக்கூடங்களுக்கு இந்தத் தலைவலி இருந்தது. அச்சுக்கோப்பவர் பத்துப் பேர் இருந்தால், மேற்கோள் குறியை எங்கே போடுவது, தலைப்பை எந்த அளவில் கோப்பது என்பதில் பத்து வழக்கம் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தை நடத்திய ஹொரேஸ் ஹார்ட், 1893-இல் அதற்கான விதிகளைச் சிறு நூலாக்கினார். சிக்காகோ பல்கலைக்கழக அச்சகத்தில் 1890-களில் ஒற்றைத் தாளாகத் தொடங்கிய குறிப்பு, 1906-இல் புத்தகமாகி இன்றும் புதுப் பதிப்புகள் காண்கிறது. நம் ஜோகூரும் அந்தக் காலத்தில் சும்மா இருக்கவில்லை. 1888-இல் ஜோகூர் பாருவில் தொடங்கிய மலாய் மொழிக் கழகம், அரசு அலுவலகங்களில் ஆளுக்கொரு விதமாக எழுதுவதை ஒழுங்குக்குக் கொண்டுவர முயன்றது. இன்று மலேசியர் அனைவரும் சொல்லும் ‘பெஜாபாட்’, ‘செத்தியா உசாஹா’ போன்ற சொற்களைப் பரப்பிய பெருமை அதற்கு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டும் ஜோகூரும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே காரியத்தைச் செய்தன: விதியை ஓரிடத்தில் எழுதிவை, எல்லாரும் அதைப் பார்த்துச் செய்யட்டும்.

இந்த விதிகளை வாசித்துப் பின்பற்றியது மனிதர்கள். எந்திரம் பின்பற்ற வேண்டுமென்றால், எது தலைப்பு, எது பத்தி என்று முதலில் அதற்குச் சொல்ல வேண்டும். 1967-இல் கனடா அரசு அச்சகத்தில் நடந்த கூட்டமொன்றில் வில்லியம் டன்னிக்லிஃப் என்பவர், உள்ளடக்கத்தை வேறாகவும் அதன் தோற்றத்தை வேறாகவும் வைக்க வேண்டும் என்று பேசினார். அதே ஆண்டுகளில் ஹார்வர்டில் சட்டம் படித்து பாஸ்டனில் வக்கீலாக இருந்த சார்லஸ் கோல்ட்ஃபார்ப், அந்தத் தொழிலை விட்டு ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்தார். வக்கீல் அலுவலகங்களின் ஆவணங்களைக் கணினியில் சேமித்து, தேடி, அச்சிடும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். ஒரு மென்பொருள் எழுதிய ஆவணம் இன்னொன்றுக்குப் புரியவில்லை. 1969-இல் அவரும் மோஷர், லோரி என்ற இரு தோழர்களும் ஒரு குறிமுறையைச் செய்து, தங்கள் மூவர் பெயரின் முதலெழுத்தும் வரும்படி அதற்கு ஜிஎம்எல் என்று பெயர் வைத்தார்கள். 1986-இல் அது எஸ்ஜிஎம்எல் என்ற உலகத் தரமாயிற்று. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் அதன் ஒரு வடிவம் புழக்கத்தில் இருந்தது. அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ தம் வலைக்கான குறிகள் பலவற்றை அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டார். வக்கீல்களின் காகிதக் கட்டுக்காகப் பிறந்த யோசனை இப்படித்தான் இணையத்துக்குள் நுழைந்தது.

ஆனால் தோற்றத்தை யார் கவனிப்பது? பெர்னர்ஸ்-லீயின் முதல் உலாவிக்குள் ஒரு சிறிய ஸ்டைல் ஷீட் இருந்தது. அதை எப்படி எழுதுவது என்று அவர் வெளியே அறிவிக்கவில்லை. பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்பது அந்தந்த உலாவியின் பாடு என்று விட்டுவிட்டார். 1993-இல் மொசைக் உலாவி வந்து வலை பரவியபோது, பக்கம் எழுதியவர்கள் எழுத்தையும் நிறத்தையும் மாற்றக்கூட வழியில்லாமல் தவித்தார்கள். அந்தத் தவிப்பை நெட்ஸ்கேப் பயன்படுத்திக்கொண்டது. எழுத்துருவுக்கு ஒரு குறி, நடுவில் வைக்க ஒரு குறி என்று இஷ்டத்துக்குச் சேர்த்தது. எழுத்தை மினுக்மினுக்கென்று சிமிட்டவைக்கும் குறிகூட வந்தது. மதுக்கடையில் வேடிக்கையாகப் பேசியதை சக பொறியாளர் ஒருவர் அன்றிரவே நிரலாக்கிவிட்டார் என்று அதற்குக் காரணமான லூ மொன்டுல்லி பின்னாளில் சொல்லியிருக்கிறார். வடிவமைப்பாளர்களோ அட்டவணைக் கட்டங்களுக்குள் பக்கத்தையே அடைத்தார்கள்; இடைவெளி வேண்டுமென்றால் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளிப் படத்தை இழுத்து நீட்டினார்கள். நூறு பக்கம் கொண்ட தளத்தில் தலைப்பின் நிறத்தை மாற்ற, நூறு பக்கத்தையும் திறந்து திருத்தியாக வேண்டும்.

இதற்குத் தீர்வாக, செர்னில் இருந்த நார்வேக்காரர் ஹோகன் வியூம் லீ, தோற்றத்துக்கான விதிகளைத் தனித் தாளில் எழுதிவைக்கும் ஒரு முன்வரைவை 1994 அக்டோபர் 10 அன்று வெளியிட்டார். நெட்ஸ்கேப் தன் புதிய உலாவியை உலகுக்கு அறிவித்தது அதற்கு மூன்று நாள் கழித்து. அந்த முன்வரைவை இன்று படித்தால் சிரிப்பும் வியப்பும் சேர்ந்து வருகின்றன. முதல் தலைப்பு 24 புள்ளி, 100 விழுக்காடு. இரண்டாம் தலைப்பு 20 புள்ளி, 40 விழுக்காடு என்று எழுதியிருக்கிறார். அந்த விழுக்காடு, எழுதுகிறவர் தம் விருப்பத்தை எவ்வளவு வற்புறுத்துகிறார் என்பதற்கான அளவு. 40 என்றால் மிச்சம் 60 வாசகருக்கு. எழுதுகிறவரும் வாசிக்கிறவரும் பேரம் பேசி முடிவு செய்யும் பக்கம்! விழுக்காடு பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கி, மோதும் இடத்தில் எது வெல்லும் என்பதற்கு விதி இருக்கும் ஏற்பாடு நிலைத்தது. நெதர்லாந்தின் பெர்ட் போஸும் சேர்ந்துகொள்ள, 1996 டிசம்பர் 17 அன்று சிஎஸ்எஸ் முதல் நிலை தரமாக வெளிவந்தது.

மைக்ரோசாஃப்ட் அதற்கு நான்கு மாதம் முன்பே தன் மூன்றாம் உலாவியில் அதைச் சேர்த்துவிட்டது. நெட்ஸ்கேப் போட்டிக்குத் தனக்கென ஒரு முறையைக் கொண்டுவந்தது, அது எடுபடவில்லை. வென்ற மைக்ரோசாஃப்ட்டும் ஒழுங்காகச் செய்துவிடவில்லை. ஒரு பெட்டியின் அகலம் 200 புள்ளி என்றால், உள்ளே விடும் இடைவெளியும் ஓரக் கோடும் அந்த 200-க்கு வெளியே கூடும் என்றது தரம். மைக்ரோசாஃப்ட்டின் பழைய உலாவிகள் எல்லாவற்றையும் 200-க்குள்ளேயே அடக்கின. பக்கங்கள் ஓர் உலாவியில் சரியாகவும் இன்னொன்றில் கோணலாகவும் வந்தன. இதைச் சமாளிக்கப் பிரபலமான தந்திரத்தைக் கண்டுபிடித்த டான்டெக் செலிக் மைக்ரோசாஃப்ட்டிலேயே வேலை பார்த்தவர். பக்கத்தை வாய்விட்டு வாசிக்கும் குரலைத் தேர்ந்தெடுப்பதற்கென இருந்த ஒரு கட்டளையை அந்தத் தந்திரத்துக்குப் பயன்படுத்தினார். வேடிக்கை என்னவென்றால், இன்று பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் தங்கள் தாளின் தொடக்கத்திலேயே, எல்லாவற்றையும் அகலத்துக்குள் அடக்கு என்று ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். அன்றைக்குப் பிழை என்று திட்டிய அதே கணக்குத்தான்.

இந்தக் கதையில் தமிழ் எப்போது வருகிறது? சற்றும் தாமதமில்லாமல். சிங்கப்பூரில் ஆசிரியக் கல்லூரி விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி 1995-இலேயே தமிழை வலையில் ஏற்றும் முயற்சியில் இருந்தார். கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் 1985 முதல் முரசு மென்பொருளை வளர்த்துவந்தார். 1997-இல் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. ஜோகூர் இந்த இரண்டு நகரங்களுக்கும் நடுவில். ஆனால் அன்றைய தமிழ்ப் பக்கங்களின் நிலை பரிதாபம். திறந்தவுடன், இந்த எழுத்துருவை இறக்கி நிறுவிவிட்டு வாருங்கள் என்று ஒரு வரி ஆங்கிலத்தில் நிற்கும். நிறுவாவிட்டால் தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் குவியலாகத் தெரியும். ஒரு தளத்தின் எழுத்துரு இன்னொரு தளத்துக்கு உதவாது. ஒவ்வொருவரும் தனித்தனிக் குறியீட்டில் இருந்தார்கள்.

இங்கேதான் ஸ்டைல் ஷீட் தமிழுக்குச் செய்த பெரிய உபகாரம். எழுத்துருவையும் பக்கத்தோடு அனுப்பலாம் என்ற கட்டளை, 1997-இல் மைக்ரோசாஃப்ட்டின் நான்காம் உலாவியிலும் 1998-இல் சிஎஸ்எஸ் இரண்டாம் நிலையிலும் வந்தது. தமிழ் நாளிதழ்களும் இதழ்களும் அதைப் பிடித்துக்கொண்டன. வாசகர் எதையும் நிறுவ வேண்டாம். எழுத்துரு தானே வந்து இறங்கும். ஆங்கிலத்துக்கு இது அழகு சேர்க்கும் வசதி. நமக்கோ படிக்க முடிவதா இல்லையா என்ற கேள்வி. ஆனால் மைக்ரோசாஃப்ட்டின் கோப்பு வடிவம் அதன் உலாவிக்கு மட்டுமே புரிந்தது. எழுத்துரு செய்கிறவர்கள் திருட்டுக்குப் பயந்தார்கள். அடுத்த திருத்தப் பதிப்பில் அந்தக் கட்டளையையே எடுத்துவிட்டார்கள். அது மீண்டும் உயிர்பெற 2008-இல் சஃபாரியும் 2009-இல் ஃபயர்ஃபாக்ஸும் துணிய வேண்டியிருந்தது. 2012-இல் எல்லாருக்கும் பொதுவான வலை எழுத்துரு வடிவம் தரமாயிற்று. அதற்குள் எல்லா மொழிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடும் பரவிவிட்டதால் குப்பை எழுத்துகளின் காலம் முடிந்தது.

யூனிகோடோடு இன்னொரு சுவையும் சேர்ந்துகொண்டது. 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, லை, றா வடிவங்கள் நம் தாத்தா பாட்டிக்குத் தெரியும். யூனிகோடில் அவற்றுக்குத் தனிக் குறியீடு கிடையாது. எப்படித் தெரிய வேண்டும் என்பது எழுத்துருவின் வேலை. பழைய வடிவங்கள் கொண்ட எழுத்துரு ஒன்றை ஸ்டைல் ஷீட்டில் குறிப்பிட்டால், ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாமல் தளம் முழுவதையும் 1978-க்கு முன்னால் கொண்டுபோகலாம். அந்தச் சீர்திருத்தத்துக்காக அச்சுக்கூடங்கள் ஈய எழுத்துகளையே மாற்ற வேண்டியிருந்தது.

மற்ற நாடுகளில் பலன் பணக்கணக்கில் தெரிந்தது. 2003-இல் விளையாட்டுச் செய்தித் தளமான ஈஎஸ்பிஎன் கட்ட அட்டவணைகளை விட்டு ஸ்டைல் ஷீட்டுக்கு மாறியபோது, பக்கத்துக்குச் சுமார் 50 கிலோபைட் குறைந்தது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 டெராபைட் மிச்சம் என்று அதைச் செய்தவர்கள் கணக்கிட்டார்கள். தாளை உலாவி ஒருமுறை வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்தடுத்த பக்கங்களுக்கு அதுவே போதும் என்பதுதான் சூத்திரம். அதே ஆண்டு கனடாவின் டேவ் ஷே ஒரு பக்கத்தை வைத்து, அதன் எழுத்தைத் தொடாமல் தாளை மட்டும் மாற்றி அழகு செய்யுங்கள் என்று உலகத்தை அழைத்தார். பல நாட்டவர் அனுப்பிய தாள்களால் அந்தப் பக்கம் ஒருமுறை சீன ஓவியம்போலவும் மறுமுறை பழைய சுவரொட்டிபோலவும் மாறியது. 2010-இல் ஈதன் மார்க்கோட் திரைக்கேற்ப வளையும் வடிவமைப்பை எழுதினார். பாலத்தில் நிற்கும் நம் பயணி காண்பது அதைத்தான். அடுத்த ஆண்டு ட்விட்டரின் இருவர் பூட்ஸ்ட்ராப் என்ற ஆயத்தத் தாளை இலவசமாக வெளியிட்டார்கள். பிரதியெடுப்பவர்களுக்குக் கொண்டாட்டம். வங்கியும் உணவகமும் ஒரே முகத்தோடு திரிந்த அந்த ஆண்டுகளை நான் ரசித்ததில்லை.

இப்போது ஜோகூருக்கு வருவோம். கூலாயில் 1,640 ஏக்கர் செம்பனைத் தோட்டமாக இருந்த கூலாய் யங் எஸ்டேட்டை ஒய்டிஎல் நிறுவனம் வாங்கி, இணையதளங்களைத் தாங்கும் தரவு மையப் பூங்காவாக்கியது. ஷாப்பியின் தாய் நிறுவனமான சீ அங்கே முதல் பெரிய வாடிக்கையாளர். செடெனாக்கிலும் இஸ்கண்டார் புத்ரியிலும் இப்படிப்பட்ட மையங்கள் எழுந்திருக்கின்றன. தோட்டங்களில் உழைத்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இணையப் பக்கங்களை வடிவமைக்கும் காலம் இது.

அவர்களிடம் ஒரு குறை. நம் பள்ளிகள், கோயில்கள், சங்கங்களின் தளங்கள் பலவும் மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் வெட்டிய வரி இடைவெளியைத் தமிழுக்கும் அப்படியே வைத்திருக்கின்றன. மேலே விசிறியும் சுழியும், கீழே வாலுமாக ஏறி இறங்கும் நம் எழுத்துக்கு அது போதாது. ‘கீ’யின் சுழி மேல் வரியின் ‘கூ’வின் வாலைத் தொடுகிறது. சாய்வெழுத்து மரபு நமக்கு இல்லாததால், சாய்த்துக் காட்டு என்ற கட்டளைக்கு எழுத்து தள்ளாடி விழுகிறது. ஸ்டைல் ஷீட்டில் இதற்கெல்லாம் வழி 1998 முதல் இருக்கிறது: இது தமிழ் என்று பக்கத்தில் மொழியைக் குறித்துவிட்டால், தமிழ் வரும் இடத்துக்கு மட்டும் தனி விதி எழுதலாம். பட்டியலுக்கு ௧, ௨, ௩ என்று தமிழ் எண் கேட்டாலும் இன்றைய உலாவிகள் தருகின்றன. பத்தாம் வரிக்கு மட்டும் நம் முன்னோர் எழுதிய ௰ வராது. ஒன்றும் சுழியமுமாக ௧௦ என்றே வரும்.

ஜோகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் தளத்தையோ உங்கள் ஊர்ச் சங்கத்தின் தளத்தையோ நீங்கள் பராமரிப்பவரானால், இன்றே அதன் தாளைத் திறந்து தமிழுக்கென வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிவையுங்கள். ஒரே ஒரு வரிதான்; எல்லாப் பக்கமும் சேர்ந்தே திருந்திவிடும்.