ஊர் கூடி இழுக்கும் தேர்
(மொழியறிவைத் திரட்டிய தொண்டர்களின் வரலாறு)

பிறந்த மண்ணை விட்டு வடபுலத்தில் வந்து வாழும் நமக்குத் தாய்மொழியின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தாய்நாட்டில் காற்றைப் போல இயல்பாக நம்மைச் சூழ்ந்திருந்த மொழி, இங்கே நாமே முயன்று பேண வேண்டிய செல்வமாகிவிட்டது. ஆண்டு விழாவும், நூல்நிலையமும், சிறுவர்க்கான தமிழ் வகுப்பும் அம்முயற்சியின் உறுப்புகளே. ஆயினும், நாம் வாழவந்த நிலத்து மக்கள் பேசும் மொழிகளைப் பற்றி நாம் அறிந்தது எவ்வளவு?

சார்க்கண்டிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழும் ஓராவோன் மக்கள் தண்ணீரை ‘அம்ம்’ என்பர். பழந்தமிழில் நீருக்கு ‘அம்’ என்றொரு பெயர் உண்டு. நம்மிடம் நிகண்டிலும் அகராதியிலும் மட்டும் தங்கிவிட்ட சொல், அம்மக்களின் குடத்திலும் கிணற்றிலும் இன்றும் வாழ்கின்றது. அவர்கள் பேசும் குரூக் மொழி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் மொழிக்கு உறவானது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அதனைப் பேசுவோர் ஏறத்தாழ 20 இலட்சம் பேர்.

இவ்வுறவைக் கண்டறிந்தவர் யாவர்? எழுதி வைத்தவர் யாவர்? இன்று ஒரு மாணவன் இதனை அறிய விழைந்தால் எங்கே தேடுவான்? கைப்பேசியைத் திறந்து விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தைத்தான் முதலில் நாடுவான். அங்குள்ள மொழிக் கட்டுரைகளை எழுதுவோரும் திருத்துவோரும் ஊதியம் பெறாத தொண்டர்கள். அவர்களுடைய பணி திடீரென முளைத்ததன்று; நீண்ட மரபொன்றின் தொடர்ச்சியே ஆகும். அம்மரபினைச் சுருங்கக் காண்போம்.

சீட்டுகளால் எழுந்த மாளிகை

1857ஆம் ஆண்டில் இலண்டன் மொழிநூற் கழகத்தார், ஆங்கிலச் சொற்கள் அனைத்திற்கும் வரலாற்று முறையில் ஓர் அகராதி வேண்டும் எனத் துணிந்தனர். எத்தனை அறிஞர்கள் கூடினும், ஒரு மொழியின் நூல்கள் அனைத்தையும் படித்து முடித்தல் அவர்களால் இயலுமோ? ஆதலின் பொதுமக்களிடமே உதவி வேண்டினர். 1879இல் பதிப்பாசிரியர் சேம்சு மரே விடுத்த வேண்டுகோளை ஏற்றுப் பல நாட்டு வாசகர்கள் நூல்களைப் படித்தனர். ஒவ்வொரு சொல்லும் ஆளப்பட்ட இடத்தைச் சிறு சீட்டில் எழுதி அஞ்சலில் அனுப்பினர். இலட்சக்கணக்கில் குவிந்த அச்சீட்டுகளை ஒழுங்குபடுத்தி, 1884இல் முதற்பகுதி வெளியாயிற்று. 1928இல்தான் அகராதி நிறைவெய்தியது. மரே தம் பணி முடிவதைக் காணாமலே 1915இல் மறைந்தார். ஆயினும் பணி நிற்கவில்லை. பலர் கை கூடிய பணிக்கு அதுவே சிறப்பு.

நம் நாட்டில் சியார்சு கிரியர்சன் நடத்திய இந்திய மொழி அளவாய்வு மற்றொரு பெருஞ் செயல். 1903 முதல் 1928 வரை வெளிவந்த அதன் தொகுதிகளில் 179 மொழிகளும் 544 கிளைமொழிகளும் விவரிக்கப்பட்டன. விவிலியத்தில் வரும் ஊதாரி மைந்தன் கதையை ஒவ்வொரு மொழியிலும் பெயர்த்தெழுதச் செய்து, அவற்றை ஒப்புநோக்கினார் கிரியர்சன். மாவட்ட அலுவலர்களும், சமயத் தொண்டர்களும், உள்ளூர்க் கற்றோரும் அவருக்குத் துணைநின்றனர். ஆயினும் அதிலும் ஒரு குறை இருந்தது. சென்னை மாகாணமும், மைசூர், ஐதராபாத்துச் சமத்தானங்களும் அவ்வாய்வின் எல்லைக்குள் வரவில்லை. திராவிட மொழிகளின் தாயகமே பெரிதும் விடுபட்டது! நீலகிரியின் தோடர், கோத்தர் மொழிகளைப் போன்றவை முறையாக ஆராயப்படுவதற்கு 1930களில் எமனோ வரவேண்டியிருந்தது. அவரும் பரோவும் இணைந்து தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி 1961இல் வெளிவந்தது. 1984இல் திருத்திய பதிப்பாக மலர்ந்தது.

தமிழில் களஞ்சியங்கள்

தமிழரும் இத்துறையில் பின்தங்கியவர் அல்லர். யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதான கோசம் 1902லும், சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910லும் வெளிவந்தன. இவை தனியொருவர் ஆயுளையே விழுங்கிய முயற்சிகள். விடுதலைக்குப் பின், அவினாசிலிங்கம் செட்டியார் தலைமையில் இயங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியத்தை உருவாக்கியது. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வந்தன. பல துறை அறிஞர்கள் ஒருங்கிணைந்து இயற்றிய அந்நூல், இந்திய மொழிகளுக்கே வழிகாட்டி நின்றது.

ஆனால், அச்சிட்ட களஞ்சியத்துக்கு ஓர் எல்லை உண்டு. அச்சேறிய அன்றே அது முதுமை அடையத் தொடங்குகின்றது. பிழை ஒன்று புகுந்துவிட்டால், மறுபதிப்பு வரும்வரை அது மெய்யாகவே உலவும். இக்குறையைக் களைய வந்ததே இணையக் களஞ்சியம்.

2001ஆம் ஆண்டு சனவரித் திங்களில் விக்கிப்பீடியா ஆங்கிலத்தில் தொடங்கிற்று. 2003இல் தமிழ்ப் பதிப்பும் தோன்றிற்று. அதன் தொடக்க நாளில் பெரும்பங்காற்றியவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து அரபு நாட்டில் கட்டடக் கலைஞராகப் பணியாற்றிய மயூரநாதன் என்பது நாம் கருதத்தக்கது. புலம்பெயர்ந்து வாழ்ந்த ஒருவர் ஓய்வு நேரத்தில் ஊன்றிய நாற்று அது. இன்று தமிழ்ப் பதிப்பில் கட்டுரைகள் ஒன்றரை இலட்சத்தைக் கடந்துவிட்டன. 2016இல் துளுவும், 2018இல் ஓல் சிகி எழுத்தில் சந்தாலியும் தத்தமக்கெனத் தனிப் பதிப்புப் பெற்றன.

மொழிக் கட்டுரைகளைச் செப்பம் செய்யும் தொண்டர்கள் யாது செய்கின்றனர்? ஒரு மொழி எக்குடும்பத்தது, எங்கெங்கே பேசப்படுவது, பேசுவோர் எத்துணையர், எவ்வெழுத்தில் எழுதப்படுவது என்பவற்றை முதலில் வரையறுக்கின்றனர். ஒலிகளைப் பட்டியலிடுகின்றனர், உறவுச் சொற்களை நிரல்படுத்துகின்றனர், பேசுவோரின் குரலையே பதிந்து இணைக்கின்றனர். ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று கேட்கின்றனர். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது முழுவதும் பதிவாகிவிடுவதால், தவறு நேர்ந்தாலும் முந்தைய வடிவை மீட்டுவிடலாம். கருத்து வேறுபாடு எழின், கட்டுரைக்கு அருகேயுள்ள உரையாடற் பக்கத்தில் வாதிடுகின்றனர்.

எளிய பணி அன்று இது. மக்கள்தொகைக் கணக்கையே காண்போம். 2011இல் மக்கள் தம் தாய்மொழி எனக் கூறிய பெயர்கள் 19,569. அவற்றை ஆராய்ந்து அரசினர் 1,369 தாய்மொழிகளாக ஒழுங்குபடுத்தினர். பின்னர்ப் பதினாயிரவருக்கு மேற்பட்டோர் பேசும் 121 மொழிகளாகத் தொகுத்தனர். 2010இல் கணேசு தேவி தொடங்கிய இந்திய மக்கள் மொழி அளவாய்வோ 780 மொழிகளைக் கண்டது. எண்கள் ஏன் மாறுபடுகின்றன என்பதை விளக்காது ஒன்றை மட்டும் எடுத்தெழுதினால், ஒரு சிறு மொழி பெருமொழியின் கிளையென மறைந்துபோகும். ஒரு வரியில் ஒரு மக்களின் பெயர் அழிவதும் நிலைப்பதும் அடங்கியிருக்கின்றன.

ஒரு படிப்பினை

தொண்டு மட்டும் போதுமோ எனின், போதாது. அதற்குச் சான்று இசுகாட்லாந்து தருகின்றது. ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுடைய இசுகாட்சு மொழிக்கு 2005இல் தனி விக்கிப்பீடியா உண்டாயிற்று. 2020ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் ஓர் உண்மை வெளிப்பட்டது. அக்களஞ்சியத்தின் கட்டுரைகளுள் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவை, அம்மொழியே அறியாத அமெரிக்க இளைஞன் ஒருவனால் எழுதப்பட்டவை! பன்னிரண்டு வயதில் அவன் அப்பணியைத் தொடங்கினான். ஆங்கிலச் சொற்களை அகராதி கொண்டு மாற்றி மாற்றி எழுதினான். தீய எண்ணம் அவனிடம் இல்லை, ஆர்வமே இருந்தது. ஆயினும், அதனைப் படித்தோர், இசுகாட்சு என்பது ஆங்கிலத்தைச் சிதைத்தெழுதும் முறைபோலும் என எண்ணுவதற்கு இடமாயிற்று. ஏளனத்துக்கு ஏற்கெனவே இலக்கான மொழிக்கு இது எத்துணைப் பெரிய ஊறு! மொழி அறிந்தோர் அதுகாறும் எட்டிப் பாராமல் இருந்ததே அதற்கு வழிசெய்தது. பின்னர் அவர்கள் ஒன்றுகூடித் திருத்தும் பணியில் இறங்கினர்.

ஒருவனைப் பழித்துவிட்டு நாம் விலகிவிடுதல் முறையன்று. அறிந்தோர் வாளாவிருந்தால் அறியாதோர் எழுதுவர் என்பதே இதனால் பெறப்படும் பாடம். இக்காலத்தில் அப்பிழை ஒரு பக்கத்தோடு நில்லாது. இணையத்தில் உள்ள எழுத்தைப் படித்துப் பழகும் பொறிகள், அதே பிழையை ஆயிரம் மடங்காகப் பெருக்கிவிடும்.

நமக்குரிய கடமை

தமிழராகிய நமக்கு வேறொரு சோதனையும் உண்டு. தாய்மொழிப் பற்று மேலிட்டு, எல்லா மொழிகளும் தமிழிலிருந்தே பிறந்தன என எழுதிவிட நம்மிற் சிலர்க்குக் கை துடிக்கின்றது. தொண்டர்கள் அதனைச் சான்றில்லை என நீக்கினால் சினம் மூளுகின்றது. இங்கே குரூக் மொழியே நமக்கு ஆசானாகட்டும். நாம் ‘கண்’ என்பதை அவர்கள், தொண்டையில் உரசி எழும் ககரத்தோடு ‘ஃகன்’ என்பர். மூன்றை ‘மூந்த்’ என்பர். நான்கை ‘நாஃக்’ என்பர். ஐந்து முதலாக வடமொழிக் குடும்பத்தின் எண்களைக் கடன் கொண்டனர். நாம் ‘செவி’ என்பதைக் கன்னடர் ‘கிவி’ என்பர். குரூக் மக்கள் ‘ஃகெப்தா’ என்பர். மூலத் திராவிடத்தில் இச்சொல்லின் முதலில் நின்றது ககரமே. அதனைச் சகரமாக மாற்றிக்கொண்டது தமிழ்தான் என்பது மொழிநூலார் கண்ட முடிபு. ஆகவே, காட்டில் வாழும் தங்கை சில இடங்களில் குடும்பத்தின் பழைய அணியைக் காத்து வைத்திருக்கின்றாள். அரசவை கண்ட அக்கை அதனை உருக்கிப் புதிது செய்திருக்கின்றாள். இதனை ஒப்புக்கொள்வதால் தமிழுக்கு யாது குறை? இரண்டாயிரம் ஆண்டு இலக்கியச் செல்வம் உடைய மொழிக்குப் பொய்ப் புகழ் வேண்டுவதில்லை.

மற்றொரு தடையும் கூறத்தக்கது. வெளியிடப்பட்ட நம்பத்தக்க ஆக்கமே சான்று என்பது களஞ்சியத்தின் விதி. நூலேறிய மொழிகளுக்கு அது நன்று. வாய்மொழியாகவே வழங்கும் மொழிகளுக்கோ அது தாழிட்ட கதவு. 2011இல் மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செப்பேடி ஆகிய மொழிகளைச் சார்ந்த தொண்டர்கள், முதியோர் வாய்மொழியைப் பதிந்து அதனையே சான்றாகக் காட்ட முயன்றனர். விதி முற்றும் மாறிவிடவில்லை. ஆயினும் வினா எழுந்துவிட்டது. நல்ல வினா பாதி விடையாகும்.

குரூக் மொழிக்கு ஃகான் 1900இல் இலக்கணம் வரைந்தார். இராசமகால் குன்றுகளின் மால்தோ மொழிக்கு 1884இல் துரோசே வரைந்தார். இருவரும் கடல் கடந்து வந்த சமயத் தொண்டர்கள். அயலார் அத்துணை உழைத்திருக்க, ஒரே குடும்பத்து உறவினராய், அடுத்த தெருவிலும் அலுவலகத்திலும் அம்மக்களோடு பழகும் நாம் வாளா இருத்தல் தகுமோ? நம் இளைஞர்கள் திங்கள்தோறும் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கலாம். அண்டை வீட்டாரிடம் சொற்களைக் கேட்டு, அவர்கள் இசைவோடு குரலைப் பதியலாம். பழைய இலக்கண நூல்களோடு ஒப்பிட்டுச் சான்று காட்டித் தமிழில் எழுதலாம். அம்மொழி பேசும் மாணவர்களையே அழைத்து உடனிருந்து திருத்தச் செய்வது அதனினும் நன்று.

மரே தம் அகராதியின் முடிவைக் கண்டாரில்லை. தேரை முதலில் அசைத்தவர் அது நிலைக்கு வருவதைக் காண வேண்டும் என்னும் நியதி இல்லை. வடத்தில் ஒரு கை கூடுதலாக இருந்தது என்பதே போதும். அக்கைகளுள் நம் சங்கத்தாரின் கைகளும் இருத்தல் வேண்டும்.