கண்புரை அறுவைக்குப் பிந்தைய பார்வைத் தொந்தரவுகள்: மதுரை, திண்டுக்கல் வட்டார வரலாறு

அறிமுகம்

கண்ணுக்குள் இருக்கும் விழி லென்ஸ் தெளிவை இழந்து மங்கிப் போவது கண்புரை எனப்படும். பெரும்பாலும் முதுமையில் வருவது. இதைக் கரைக்கும் மாத்திரையோ சொட்டு மருந்தோ இல்லை; மங்கிய லென்ஸை அறுவை செய்து அகற்றுவதே வழி. அகற்றிய பின் பார்வை திரும்புகிறது. ஆனால் திரும்பிய பார்வை பழைய பார்வை போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. விளக்கைச் சுற்றி வளையம், கண்ணோரத்தில் நிழல், கூச்சம், நிற மாற்றம், சில மாதம் கழித்து மீண்டும் மங்கல் எனப் பல தொந்தரவுகளை நோயாளிகள் சொல்வதுண்டு.

கண்புரை அறுவையின் வரலாற்றை எழுதுவோர் மருத்துவர்களையும் கருவிகளையும் பற்றியே அதிகம் எழுதுகின்றனர். அறுவை முடிந்து வீடு திரும்பியவர் என்ன கண்டார் என்பதும் அவ்வரலாற்றின் பகுதிதான். மதுரையும் அதை அடுத்த திண்டுக்கல் சமவெளியும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1985 செப்டம்பர் 15 அன்று தனி மாவட்டமாகும் வரை திண்டுக்கல் மதுரை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

பழைய முறை: லென்ஸைத் தள்ளிவிடுதல்

சுசுருத சம்கிதையின் உத்தர தந்திரப் பகுதியில் கண்புரைக்கான சிகிச்சை கூறப்பட்டுள்ளது. கூரிய கருவியைக் கண்ணுக்குள் செலுத்தி, மங்கிய லென்ஸைப் பார்வைப் பாதையிலிருந்து விலக்கிவிடும் முறை அது. லென்ஸ் வெளியே எடுக்கப்படுவதில்லை, கண்ணுக்குள்ளேயே கிடக்கும். முன்னே இருந்த திரை விலகியதால் நோயாளிக்கு உடனே உருவங்கள் தெரியும். பின்னர் அழற்சி, கண் அழுத்தம், சீழ்ப்பிடிப்பு ஆகியவற்றால் பலர் அந்தப் பார்வையையும் இழந்தனர்.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் கண் மருத்துவத்தில் ஈடுபாடு கொண்டவர். அவர் காலத்துக் கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள், கண்களின் வண்ண ஓவியங்களுடன் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. நோயாளியின் நிலையை எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் தமிழ் மண்ணில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்ததற்கு அவை சான்று.

சென்னையில் 1819இல் கண் மருத்துவமனை தொடங்கப்பட்டது. இன்று எழும்பூரில் உள்ள அரசு கண் மருத்துவமனை அதுவே. அதன் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், லென்ஸைத் தள்ளிவிடும் பழைய முறையால் கெட்டுப்போன கண்களை ஆராய்ந்து 1917இல் ஒரு நூல் வெளியிட்டார். அறுவை நாளன்று தெரிந்த பார்வையைக் கொண்டு மட்டும் வெற்றியை முடிவு செய்யக் கூடாது என்பது அந்த ஆய்வால் விளங்கியது.

ஐரோப்பாவில் பிரெஞ்சு மருத்துவர் ழாக் தவியேல் 1747இல் லென்ஸைக் கண்ணிலிருந்து வெளியே எடுக்கும் முறையைத் தொடங்கியிருந்தார். 20ஆம் நூற்றாண்டில் நம் மருத்துவமனைகளிலும் முகாம்களிலும் நடந்தது இதன் வளர்ந்த வடிவமே. லென்ஸ் அதன் உறையோடு முழுமையாக எடுக்கப்பட்டது. தலை அசையாதிருக்க இருபுறமும் மணல் மூட்டை வைத்து நோயாளியைப் படுக்க வைப்பதும் வழக்கமாக இருந்தது.

சோடாபுட்டிக் கண்ணாடிக் காலம்

லென்ஸை எடுத்துவிட்ட கண்ணில் ஒளியைக் குவிக்கும் திறன் பெரிதும் குறைந்துவிடும். நம் கண்ணின் மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விழி லென்ஸுடையது, எஞ்சியது கார்னியாவுடையது. இழந்த திறனை ஈடுசெய்ய சுமார் +10 டயாப்டர் திறனுள்ள தடித்த குவிலென்ஸ் கண்ணாடி தரப்பட்டது. மக்கள் இதைச் சோடாபுட்டிக் கண்ணாடி என்றனர்.

இக்கண்ணாடியால் ஏற்பட்ட தொந்தரவுகள் நான்கு.

முதலாவது, பொருள்கள் ஏறத்தாழ 25 முதல் 30 விழுக்காடு பெரிதாகத் தெரியும். பெரிதாகத் தெரிவது அருகில் இருப்பதாகத் தோன்றும். எனவே எட்டிய கை பொருளைத் தொடாமல் முன்னாலேயே நின்றுவிடும்.

இரண்டாவது, கண்ணாடி விளிம்பு முப்பட்டகம் போல ஒளியை வளைப்பதால் பார்வைப் புலத்தில் வளையம் போன்ற ஒரு குருட்டுப் பகுதி உண்டாகும். பக்கவாட்டில் வரும் மாடோ சைக்கிளோ சட்டென்று மறைந்து, திடீரென்று எதிரே தோன்றும்.

மூன்றாவது, நேர்கோடுகள் வளைந்து தெரியும். கதவு நிலை உள்நோக்கி வளைந்தது போல் இருக்கும்.

நான்காவது, ஒரு கண்ணில் மட்டும் அறுவை செய்து மற்றக் கண்ணில் நல்ல பார்வை இருந்தால் இரண்டு கண்களும் வெவ்வேறு அளவில் உருவம் காட்டும். மூளையால் அவற்றை ஒன்றாக இணைக்க முடியாமல் எல்லாம் இரட்டையாகத் தெரியும்.

1970களில் எங்கள் வீட்டில் இதை நேரில் கண்டிருக்கிறேன். என் அப்பத்தா கண் அறுவைக்குப் பின் செம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றினால் அது டம்ளருக்கு இப்பால் தரையில் விழும். பேரப்பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம். "ஆபரேசன் நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் கை ஓடல" என்று அவர் தம்மையே குறை சொல்லிக்கொள்வார். வாசற்படி இறங்கப் பயந்து திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். பல ஆண்டுகள் கழித்து வகுப்பில் குவிலென்ஸ் பாடம் நடத்தியபோதுதான் பிழை அவர் கையில் இல்லை, ஒளியியலில் இருந்தது என்று உறைத்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

கண்ணாடி உடைந்தாலும் தொலைந்தாலும் நிலைமை இன்னும் மோசம். அறுவை செய்த கண் நலமாகவே இருக்கும். ஆனால் கண்ணாடி இல்லாமல் சில அடிக்கு அப்பால் முகம் தெரியாது. கணக்கில் அவர் பார்வை பெற்றவர், வீட்டில் பார்வையற்றவர். அவரைப் பார்த்த அக்கம்பக்கத்தார் அறுவைக்குப் போகத் தயங்குவது இயல்புதானே?

மதுரையில் மாற்றம்

மருத்துவர் கோ. வெங்கடசாமி (1918–2006) எட்டயபுரம் அருகிலுள்ள வடமலாபுரத்தில் பிறந்தவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் கண் அறுவை பயின்று, மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராகப் பணியாற்றினார். கிராமங்களுக்குச் சென்று கண் மருத்துவ முகாம் நடத்துவதில் முன்னோடி. 1973இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இந்திய அரசின் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமும் அதே 1976இல் தொடங்கப்பட்டதே.

கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் பொருத்தும் முறையை இங்கிலாந்தின் ஹெரால்டு ரிட்லி 1949 நவம்பர் 29 அன்று இலண்டனில் முதன்முதலில் செய்தார். போரில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துண்டுகள் சில விமானிகளின் கண்ணில் தங்கியும் கேடு செய்யாததை அவர் கவனித்திருந்தார். அந்த முதல் நோயாளிக்கே ஒரு தொந்தரவு வந்தது: வைத்த லென்ஸின் திறன் மிக அதிகம், அவருக்குக் கடுமையான கிட்டப்பார்வை ஏற்பட்டது. கண்ணின் நீளத்தை ஒலி அலையால் அளந்து, ஒவ்வொருவருக்கும் ஏற்ற திறனைக் கணக்கிடும் முறை பின்னர் வளர்ந்தது.

லென்ஸ் கண்ணுக்குள் இயற்கையான இடத்திலேயே அமர்வதால் உருவப் பெருக்கமும் வளையக் குருட்டுப் பகுதியும் மறைந்தன. ஆனால் இறக்குமதி லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டவில்லை. 1992இல் மதுரையில் ஆரோலேப் நிறுவனம் தொடங்கப்பட்டு உள்ளூரிலேயே லென்ஸ் செய்யப்பட்டது. விலை பல மடங்கு குறைந்தது. 1994இல் உலக வங்கி உதவியுடன் 7 மாநிலங்களில் தொடங்கிய கண்புரைத் திட்டத்தில் தமிழ்நாடும் இடம்பெற்றது.

நோயாளியிடமே கேட்ட ஆய்வு

செயற்கை லென்ஸ் உண்மையிலேயே மேலானதா, பெரும் எண்ணிக்கையில் செய்தால் பாதுகாப்பானதா என்ற ஐயம் அக்காலத்தில் இருந்தது. அதைத் தீர்க்க அரவிந்த் மருத்துவமனையில் நடந்ததே மதுரை செயற்கை லென்ஸ் ஆய்வு. 40 முதல் 75 வயதுக்கு உட்பட்ட 3,400 நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குப் பழைய முறை அறுவையும் தடித்த கண்ணாடியும். மற்றப் பிரிவினருக்கு லென்ஸின் பின்னுறையை விட்டுவைத்துச் செயற்கை லென்ஸ் பொருத்தும் அறுவை. முடிவுகள் 1998இல் வெளியாயின.

எழுத்துப் பலகையில் எத்தனை வரி படிக்கிறார் என்பதோடு அந்த ஆய்வு நிற்கவில்லை. பக்கத்தில் வருவது தெரிகிறதா, வெயிலிலிருந்து இருட்டுக்கு வந்தால் கண் பழகுகிறதா, தூரம் மட்டுப்படுகிறதா, தம் வேலையைத் தாமே செய்துகொள்ள முடிகிறதா என்று நோயாளிகளிடமே கேட்டறியப்பட்டது. இரு பிரிவினரும் நன்மை பெற்றனர். செயற்கை லென்ஸ் பெற்றோர் கூடுதல் நன்மை பெற்றனர். திண்ணையில் முடங்கியவர்களின் குறை அன்றுதான் அளவுகோலில் ஏறியது எனலாம்.

புதிய முறை, புதிய தொந்தரவுகள்

தொடக்கத்தில் 10 மி.மீ. அளவுக்கு வெட்டித் தையல் போட்டதால் கார்னியாவின் வளைவு மாறி, உருவம் ஒரு பக்கமாக இழுபட்டுத் தெரிந்தது. தையல் தேவைப்படாத சிறுவெட்டு அறுவையும், ஒலி அலையால் புரையை உடைத்து உறிஞ்சும் பேக்கோ முறையும் இதைக் குறைத்தன. பேக்கோ முறையை 1967இல் உருவாக்கியவர் அமெரிக்கரான சார்லஸ் கெல்மன்.

இன்றும் சொல்லப்படும் தொந்தரவுகள் சில:

நீலம் தூக்கலாகத் தெரிதல்: முதிர்ந்த லென்ஸ் மஞ்சளித்து நீல ஒளியைத் தடுத்திருக்கும். அது நீங்கியதும் வெள்ளை வேட்டிகூட நீலம் போட்டது போல் தெரியலாம். பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே 1923இல் கண்புரை அறுவைக்குப் பின் நிறங்கள் மாறித் தெரிவதாகக் குறைப்பட்டார். பெரும்பாலோர்க்கு இது பழகிவிடும்.

ஒளிக் கீற்றும் நிழலும்: செயற்கை லென்ஸின் விளிம்பில் ஒளி சிதறுவதால் பேருந்து விளக்கைச் சுற்றி வளையமும் கீற்றும் தெரியலாம். சிலருக்குக் காதுப் பக்க ஓரத்தில் பிறை போன்ற கருநிழல் தெரியும். பலருக்கு இவை நாளடைவில் குறையும்.

மீண்டும் மங்கல்: "புரை திரும்ப வந்துவிட்டது" என்பர். எடுத்த புரை திரும்ப வருவதில்லை. விட்டுவைத்த பின்னுறையில் எஞ்சிய செல்கள் பெருகி அதை மங்கச் செய்கின்றன. 1980களில் பரவிய யாக் லேசர் முறையில், கத்தி இல்லாமல் சில நிமிடங்களில் அந்த உறையில் வழி திறக்கப்படுகிறது.

விழித்திரை மைய வீக்கம்: அறுவைக்குச் சில வாரங்களுக்குப் பின் பார்வை மங்கி, நேர்கோடு நெளிந்து தெரியலாம். இதற்குச் சிகிச்சை உண்டு.

உடனே கவனிக்க வேண்டியவை

கண்வலி, சிவப்பு, பார்வை திடீரெனக் குறைதல் ஆகியவை கண்ணுக்குள் கிருமித் தொற்றின் அறிகுறியாக இருக்கலாம். மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, திடீரெனப் பறக்கும் கரும்புள்ளிகள், ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது போன்ற மறைப்பு ஆகியவை விழித்திரை விலகலைக் காட்டலாம். இவற்றுக்கு "ஆபரேசன் செய்தால் அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

முடிவுரை

திண்டுக்கல்லிலிருந்து மதுரை சுமார் 60 கி.மீ. வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமங்களில் கண்புரை அறுவை இன்று அச்சம் தரும் செய்தி அன்று. ஆயினும் முதியவர்கள் பலர், இலவசமாகச் செய்துகொண்டோமே, பிள்ளைகளுக்குச் சிரமம் கொடுப்பானேன் என்று தொந்தரவைச் சொல்லாமல் விடுகின்றனர். எலியட்டின் ஆராய்ச்சி முதல் மதுரை ஆய்வு வரை, அறுவைக்குப் பின் நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று பார்த்ததால்தான் இம்மருத்துவம் திருந்தியது. இதைப் படிக்கும் மாணவர்கள் தங்கள் வீட்டில் அறுவை செய்துகொண்ட தாத்தா பாட்டியிடம், "நல்லாத் தெரியுதா?" என்பதோடு நிறுத்தாமல், "எப்படித் தெரியுது?" என்றும் கேட்க வேண்டும்.