மனிதத் தவறு - ஒரு ரப்பர் சக்கரத்தின் கதை

ரெண்டு மாசமா ஆணி ரொம்ப அதிகம், அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. வந்ததும் வராததுமா போர் விமானக் கதையான்னு ஓடிடாதீங்க மக்களே. பொட்டி தட்டுற நம்மளுக்கும் இதுல பங்கு இருக்கு. கடைசியில சொல்றேன்.

இரண்டாம் உலகப் போர் நடந்துட்டிருந்த சமயம். அமெரிக்கர்கள்கிட்ட பி-17னு நாலு எஞ்சின் வச்ச குண்டுவீச்சு விமானம் இருந்துச்சு. அதுல ஒரு விசித்திரமான விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. விமானம் பத்திரமா தரையிறங்கிடும். ஓடுபாதையில உருண்டு போய்ட்டிருக்கும்போது திடீர்னு சக்கரங்கள் உள்ளே மடங்கி, வயிறு தரையில உரசி நிக்கும். யாரும் சுடலை, எஞ்சின்லயும் கோளாறு இல்லை. விசாரிச்சுப் பார்த்தா, பைலட்டே சக்கரத்தை மடக்கியிருக்கார்! தரையிறங்கினதும் இறக்கையில இருக்கிற ஃப்ளாப்ஸைத்தான் மேலே தூக்கணும். (இறக்கையோட பின்விளிம்புல கீழ்ப்பக்கமா இறங்குற பலகைகள், மெதுவா இறங்க உதவும்.) மனுஷன் அதுக்குப் பதிலா சக்கரத்தோட ஸ்விட்சைத் தட்டிட்டார். விசாரணை அறிக்கையில 'விமானியின் தவறு'ன்னு எழுதி ஃபைலை மூடிடுவாங்க.

அந்தக் காலத்துச் சிந்தனையே அப்படித்தான். முதல் உலகப் போர் சமயத்துல பிரிட்டன் வெடிமருந்துத் தொழிற்சாலைகள்ல நடந்த விபத்துகளை வச்சு கிரீன்வுட், வுட்ஸ்னு ரெண்டு பேர் 1919-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. விபத்துகள் எல்லார்கிட்டயும் சமமா பரவலை, கொஞ்சம் பேர்கிட்ட மட்டும் அதிகமா சேருதுன்னு அவங்க கணக்கு காட்டிச்சு. அவங்க நிதானமாத்தான் சொன்னாங்க. ஆனா அதுல இருந்து 'சில பேர் ராசியே அப்படி, அவங்களைக் கண்டுபிடிச்சு வேலையை விட்டுத் தூக்கிட்டா விபத்து குறைஞ்சிடும்'ங்கிற எண்ணம் வளர்ந்து, பல வருஷம் ஆட்டம் போட்டது.

பி-17 விஷயத்தைப் பார்க்க வந்தவர் அல்ஃபோன்ஸ் சபானிஸ். இளைஞர், உளவியல் படிச்சவர், ஒஹாயோவுல ரைட் ஃபீல்டுங்கிற விமானத் தளத்தோட மருத்துவ ஆய்வுக்கூடத்துல வேலை. எல்லாரும் பைலட்டோட மண்டைக்குள்ள தப்பைத் தேடிட்டிருந்தப்போ இவர் வேற கேள்வி கேட்டார். இந்த விபத்து எந்தெந்த விமானத்துல நடக்குது, எதுல நடக்கலை? பி-17, பி-25, பி-47 விமானங்கள்ல நடக்குது. சி-47-ல அனேகமா நடக்கவே இல்லை. அதை ஓட்டினவங்களும் அதே மாதிரி பயிற்சி எடுத்தவங்கதான், அதே அசதியில இருந்தவங்கதான். நம்ம பாஷையில சொன்னா, இந்த பக் ஒரு பில்ட்ல மட்டும் வரவே மாட்டேங்குது. அப்போ ரெண்டு பில்டுக்கும் என்ன வித்தியாசம்னுதானே பார்ப்போம்? சபானிஸும் காக்பிட்டுக்குள்ள போய்ப் பார்த்தார்.

பி-17-ல சக்கரத்துக்கு ஒரு ஸ்விட்ச், ஃப்ளாப்ஸுக்கு ஒரு ஸ்விட்ச். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல, அச்சு அசலா ஒரே மாதிரி. சி-47-ல ரெண்டும் தள்ளித் தள்ளி, இயக்குற விதமும் வேற. அவ்வளவுதான் சமாச்சாரம்.

தீர்வு இன்னும் எளிமை. சக்கர ஸ்விட்ச் முனையில ஒரு சின்ன ரப்பர் சக்கரம் ஒட்டினாங்க. ஃப்ளாப்ஸ் ஸ்விட்ச்ல ஆப்பு மாதிரி ஒரு முக்கோணத் துண்டு. இருட்டோ, அசதியோ, கண்ணால பார்க்கவே வேண்டாம், கை வச்சாலே தெரிஞ்சிடும். அந்த விபத்து காணாமப் போச்சு. யாரையும் வேலையை விட்டுத் தூக்கலை. இன்னைக்கும் பெரிய பயணிகள் விமானங்கள்ல சக்கர லிவரோட பிடி சக்கர வடிவத்துலயும் ஃப்ளாப்ஸ் லிவரோட பிடி ஃப்ளாப் வடிவத்துலயும் இருக்கணும்னு அமெரிக்க விதிமுறையிலேயே இருக்கு.

போர் முடிஞ்சதும் அதே ரைட் ஃபீல்டுல பால் ஃபிட்ஸும் ஜோன்ஸும் இதை இன்னும் பெருசா செஞ்சாங்க. (ஸ்க்ரீன் டிசைன் பண்றவங்களுக்கு ஃபிட்ஸ் விதின்னா தெரியுமே, அவரேதான்.) காக்பிட்ல நீங்க செஞ்ச, இல்லை பக்கத்துல இருந்து பார்த்த தப்பைச் சொல்லுங்கன்னு பைலட்டுகளைக் கேட்டாங்க. இப்படிச் சேர்ந்த 460 சம்பவங்களை வச்சு 1947-ல அறிக்கை வந்தது. ஏறக்குறைய பாதி, ஒரு லிவருக்குப் பதிலா இன்னொண்ணைப் பிடிச்ச கேஸ்தான். எப்படிப் பிடிக்காம இருப்பாங்க? எஞ்சினை இயக்குற மூணு முக்கியமான லிவர்களோட வரிசை பி-25-ல ஒரு மாதிரி, சி-47-ல வேற மாதிரி, சி-82-ல இன்னொரு மாதிரி! எனக்கு அந்த அறிக்கையில ரொம்பப் பிடிச்சது என்னன்னா, அனுபவசாலி, புதுசுன்னு வித்தியாசமே இல்லாம அனேகமா எல்லா பைலட்டுமே இப்படித் தடுமாறியிருக்காங்கன்னு பட்டவர்த்தனமா எழுதியிருந்ததுதான்.

இத்தோட பாடம் கத்துக்கிட்டாங்கன்னு நினைச்சா அதான் இல்லை. 1992 ஜனவரி 20, பிரான்சுல ஸ்ட்ராஸ்பர்க் பக்கத்துல ஏர் இன்டர் நிறுவனத்தோட ஏ-320 மலையில மோதி, 96 பேர்ல 87 பேர் இறந்தாங்க. அதுல இறங்குற கோணத்தையும் இறங்குற வேகத்தையும் ஒரே குமிழ் திருகித்தான் கொடுக்கணும், ஒரே சின்ன ஜன்னல்லதான் தெரியும். 3.3 டிகிரி கோணம்னு நினைச்சு 33 கொடுத்திருக்காங்க. பெட்டி இருந்த நிலையில அதுக்கு அர்த்தம் நிமிஷத்துக்கு 3300 அடி வேகம். இதுதான் நடந்திருக்க அதிக வாய்ப்புன்னு விசாரணை சொல்லிச்சு. அப்புறம்தான் வேகத்தை நாலு இலக்கமா காட்டுற மாதிரி மாத்தினாங்க. அரை வரி கோட் மாத்துற வேலை.

சரி, இப்போ நம்ம கதை.

ரெண்டு வருஷம் முன்னாடி, அப்போ நான் இருந்த கம்பெனியில, என் டீம்ல ஒரு தம்பி. தொடர்ந்து நாலாவது ராத்திரி ஷிப்ட். விடிகாலை மூணு மணிக்கு டெஸ்ட் டேட்டாபேஸ்ல ஒரு டேபிளை அழிக்கணும். புரொடக்‌ஷன்ல அழிச்சுட்டான். திரையில ரெண்டு ஜன்னல், ரெண்டும் கறுப்பு, ரெண்டுலயும் ஒரே எழுத்து, ஒரே அளவு. பேக்கப்ல இருந்து எல்லாத்தையும் மீட்க பதினோரு மணி நேரம் ஆச்சு. காரணம் எழுதி அனுப்பச் சொன்னாங்க. எழுதினது நான்தான். 'காரணம்: மனிதத் தவறு. நடவடிக்கை: சம்பந்தப்பட்டவருக்கு மறுபயிற்சி.' ரெண்டே வரி. மேனேஜர் நல்லா இருக்குன்னு சொன்னார்.

அதுக்கப்புறம் அந்தப் பையன் மாறிட்டான். ஒவ்வொரு கமாண்டையும் அடிச்சுட்டு, என்டர் தட்டாம உட்கார்ந்திருப்பான். 'அண்ணா, ஒரு நிமிஷம் இதைப் பாருங்களேன்'னு ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் கூப்பிடுவான். ராத்திரி தூக்கம் வரலைன்னு கேன்டீன்ல சொன்னான். எல்லாம் சரியாயிடும்டான்னு தோள்ல தட்டிட்டு வந்துட்டேன். மூணு மாசத்துல பேப்பர் போட்டுட்டான்.

ஆல்பர்ட் வூன்னு ஒரு அமெரிக்க மருத்துவர் 2000-ல எழுதின ஒரு சின்னக் கட்டுரையைப் போன மாசம் படிச்சேன். மருத்துவத் தவறுல முதல் பலி நோயாளி. தவறு பண்ணின டாக்டர் ரெண்டாவது பலின்னு எழுதியிருக்கார். சக டாக்டர்களே கூடிக்கூடிப் பேசி ஒருத்தரைத் திறமையில்லாதவர்னு முடிவு கட்டுறதை அவர் விவரிச்ச விதத்துல எனக்கு எங்க கேன்டீன்தான் தெரிஞ்சது. அங்கேயிருந்து தேடப் போய்த்தான் சபானிஸ் கிடைச்சார்.

இப்போ இருக்கிற இடத்துல, போன திங்கட்கிழமை, புரொடக்‌ஷன் ஜன்னலோட பின்னணியை அடர்சிவப்பா மாத்தினேன். நாலு நிமிஷ வேலை.

அந்தத் தம்பிக்கு பி-17 கதையை அப்படியே எழுதி அனுப்பினேன், அந்த ரெண்டு வரி அறிக்கை நான் எழுதினதுதான்ங்கிறதையும் சேர்த்து. மறுநாள் பதில் வந்தது. 'அது நீங்கன்னு அப்பவே தெரியும்ணா. ஸ்விட்சை மாத்தினதுக்கு அப்புறம், முன்னாடி சக்கரத்தை மடக்கின பைலட்டுங்க கிட்ட யாராச்சும் போய்ச் சொன்னாங்களா?'