பெயருக்குள் வந்துபோன அழல்

பயில் பயிற்சியாகும், சுழல் சுழற்சியாகும். அதே வழியில் அழல் அழற்சியாகிறது. அழலுதல் என்றால் எரிதல், காந்துதல். பெயராக நிற்கும்போது அழல் தீயைக் குறிக்கும். வளி, அழல், ஐயம் என்று சித்த மருத்துவர் எண்ணும்போது நடுவில் இருக்கும் பித்தமும் அதுவே.

இன்றைய தமிழ் மருத்துவ எழுத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு நிலையான வேலை கிடைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஐட்டிஸ்’ என்று முடியும் நோய்ப்பெயர் வந்தால் தமிழில் அழற்சி போட்டுவிடுகிறோம். ஹெபடைட்டிஸ் கல்லீரல் அழற்சி, நெஃப்ரைட்டிஸ் சிறுநீரக அழற்சி. வீட்டில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. புண் காந்துகிறது, கண் எரிகிறது, முட்டி வீங்கிக் கொதிக்கிறது என்றுதான் சொல்வோம். அழற்சி அச்சில் வாழும் சொல்.

நாம் அழற்சி என்று பெயர்க்கும் அந்த ‘ஐட்டிஸ்’ பிறந்தபோது அதில் தீ இல்லை. கிரேக்கத்தில் நெஃப்ரோஸ் என்றால் சிறுநீரகம். நெஃப்ரிடிஸ் என்பது ‘சிறுநீரகத்துக்குரிய’ என்ற பெயரடை. அதற்குப் பின்னால் வரவேண்டிய ‘நோய்’ என்ற சொல் தொக்கி நின்றது. கல்லானாலும் சீழானாலும் பழைய கிரேக்க மருத்துவருக்கு அது சிறுநீரக நோய், அவ்வளவுதான். அந்த விகுதிக்குள் தீயை ஏற்றியவர்கள் 18ஆம் நூற்றாண்டில் நோய்களைச் செடிகொடிகள்போல் வகைபிரித்த மருத்துவர்கள். எடின்பரோவில் இருந்த வில்லியம் கல்லன் 1769இல் வெளியிட்ட நோய்ப் பகுப்பில் காய்ச்சலோடு ஓர் உறுப்பு நோவெடுக்கும் நோய்களை ஃபிளெக்மாசியே என்ற ஒரே வரிசையில் வைத்தார். ‘ஐட்டிஸ்’ பெயர்கள் பலவும் அங்கே போய்ச் சேர்ந்தன. அந்த வரிசையின் பெயர் எரிதலைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து வந்தது. சளியைக் குறிக்கும் ஃபிளெம் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதுதான் வேர். கிரேக்கர் தீயின் பெயரைக் கபத்துக்குக் கொடுத்தார்கள், நம்மவர் பித்தத்துக்குக் கொடுத்தார்கள். குளிர்ச்சியான கபத்துக்கு அந்தப் பெயர் போய் ஒட்டிக்கொண்டது சொல்வரலாற்றின் விநோதங்களில் ஒன்று.

சிறுநீரகத்தில் இந்தத் தீ நெடுங்காலம் பெரிய கேள்வியில்லாமல் இருந்தது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட், உடல் நீர்கோத்து வீங்கியவர்களின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினார். அதிலிருந்த புரதம் வெண்மையாகத் திரண்டது. அவர்கள் இறந்தபின் அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகங்கள் உருமாறியிருந்தன. நீர்க்கோவை, சிறுநீரில் புரதம், கெட்டுப்போன சிறுநீரகம் மூன்றையும் 1827இல் அவர் ஒன்றாகப் பிணைத்தார். இந்த நோய் பிரைட் நோய் ஆயிற்று. நாளடைவில் நெஃப்ரைட்டிஸ் என்ற பெயரும் அதன்மேல் ஏறிக்கொண்டது. எல்லாமே அழற்சிதான் என்ற எண்ணம் நிலைத்தது.

ஜெர்மானியர் இதைச் சந்தேகித்தார்கள். நுண்ணோக்கியில் சில சிறுநீரகங்களில் திசு சிதைந்திருந்ததே தவிர, அழற்சியின் அடையாளம் எதுவும் தெரியவில்லை. 1905இல் ஃபிரெடரிக் ஃபான் முல்லர் அவற்றுக்கு நெஃப்ரோசிஸ் என்று வேறு பெயர் சொன்னார். ‘ஐட்டிஸ்’ போய் ‘ஓசிஸ்’ வந்தது. 1914இல் ஃபோல்ஹார்ட்டும் ஃபாரும் அந்தப் பிரிவினையை ஒரு முழுப் பகுப்பாகவே எழுதிவைத்தார்கள். 1936இல் கிம்மல்ஸ்டீலும் வில்சனும் நீரிழிவுக்காரர்களின் சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் வடிமுடிச்சுகளில் உருண்டை உருண்டையான படிவுகளைக் கண்டு எழுதினார்கள். அந்த நோய் பின்னால் ‘நீரிழிவு நெஃப்ரோபதி’ என்று வழங்கிற்று. ‘பதி’ என்றால் வெறும் துன்பம், நோய். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்து செய்யும் கேடு இது, இதில் தீக்கு என்ன வேலை என்பதே அப்போதைய எண்ணம். சுற்றிவளைத்துக் கிரேக்கரின் ‘சிறுநீரக நோய்’க்கே திரும்பிவந்துவிட்டார்கள்.

தீ திரும்ப வந்தது எதிர்பாராத வாசல் வழியாக, கொழுப்பிலிருந்து. 1975இல் நியூயார்க்கில் லாயிட் ஓல்டின் குழு, எலியின் புற்றுக்கட்டியை மடியவைக்கும் ஒரு புரதத்தைக் கண்டு ‘கட்டி நசிவுக் காரணி’ என்று பெயர் வைத்தது. 1993இல் கோகான் ஹோட்டாமிஸ்லிகிலும் உடன் உழைத்தவர்களும், பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவிலேயே அந்தப் புரதம் மிகுந்து சுரப்பதையும், அதை முடக்கினால் இன்சுலின் மறுபடி நன்றாக வேலைசெய்வதையும் காட்டினார்கள். கட்டிக்காக வைத்த பெயர் நீரிழிவுக்குள் நுழைந்தது இப்படித்தான். கொழுப்பைச் சும்மா கிடக்கும் சேமிப்பு என்று நினைத்திருந்தவர்களுக்கு, பருத்த உடலின் கொழுப்பில் பெருவிழுங்கிகள் என்னும் வெள்ளணுக்கள் குவிந்துகிடப்பதை 2003இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

சிறுநீரகத்திலும் நடப்பது ஏறக்குறைய இதுதான். மிகுந்த சர்க்கரையும் வடிமுடிச்சில் ஏறும் அழுத்தமும் அங்குள்ள செல்களை உறுத்துகின்றன. அவை வெள்ளணுக்களை அழைக்கும் வேதிச் சைகைகளை வெளியிடுகின்றன. வந்துசேர்ந்த பெருவிழுங்கிகள் மேலும் சைகைகளை உமிழ்கின்றன. முடிவில் நார்த்திசு படிந்து தழும்பாகிறது. தழும்பான இடம் திரும்ப வடிகட்டாது. கட்டி நசிவுக் காரணியின் ஏற்பிகள் யார் இரத்தத்தில் மிகுந்திருக்கின்றனவோ அவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு மிகுதி என்று 2012இல் பாஸ்டன் ஜாஸ்லின் மையத்தின் ஆய்வு காட்டியது.

ஆனால் இதை அழற்சி என்பது எப்படிப் பொருந்தும்? முதல் நூற்றாண்டு ரோமானியரான செல்சஸ் சொன்ன அடையாளங்கள் நான்கு: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. செயல் கெடுதல் என்ற ஐந்தாவதைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். நீரிழிவுச் சிறுநீரகத்தில் முதல் நான்கும் நோயாளி உணரும்படி இருப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. தெரியவருவது ஐந்தாவது மட்டும். அதுவும் பரிசோதனைக்கூடச் சீட்டில், கிரியாட்டினின் எண்ணாக. ஹோட்டாமிஸ்லிகில் இந்த வகைக்கு ‘மெட்டாஃப்ளமேஷன்’ என்று ஒரு சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்: வளர்சிதைமாற்றம் மூட்டும் அழற்சி. தமிழில் ‘தாழ்நிலை அழற்சி’, ‘நாட்பட்ட அழற்சி’ என்று எழுதுகிறார்கள். இரண்டும் அலுவலகச் சொற்கள். சுடரில்லாமல் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் நெருப்புக்குத் தமிழில் கனல் இருக்கிறதே. அழல் அழற்சியானால் கனல் கனற்சியாகலாம். யாராவது அப்படி எழுதினால் நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

பெயர் தவறாகப் படிக்கப்பட்டால் கெடுதல் வருவதும் இங்கேதான். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்குளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்றவற்றை ‘அழற்சி எதிர்ப்பு மாத்திரை’ என்று எழுதுகிறோம். சிறுநீரக நோயில் அழற்சி உண்டு, இது அழற்சியை எதிர்ப்பது, ஆகவே நல்லது என்று ஒருவர் கூட்டிப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிவிடும். சிறுநீரகத்துக்குள் இரத்தம் போகும் சிறுநாளத்தை விரித்து வைத்திருக்கும் புரோஸ்டாகிளாண்டினை இந்த மாத்திரைகள் தடுக்கின்றன. நாளம் சுருங்குகிறது, ஏற்கெனவே நொந்திருக்கும் உறுப்புக்கு வரத்துக் குறைகிறது.

சைகைகளின் மட்டத்திலேயே தீயை அணைக்கப் பார்த்தவர்களுக்கும் அது எளிதாக இருக்கவில்லை. பார்டாக்சலோன் என்ற மருந்தை நீரிழிவுச் சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு, இதயச் செயலிழப்பு கூடியதால் 2012இல் பாதியில் நின்றது. ஃபினரினோன் என்ற மற்றொரு மருந்து கொஞ்சம் வழி காட்டியிருக்கிறது. 2020இல் வெளியான ஆய்வில் அது நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தியது. அழற்சியும் நார்ப்படிவும் குறைவது அதற்குக் காரணம் என்று கருதுகிறார்கள்.

பெயர் மட்டும் இன்னும் தீயிடம் போகவில்லை. அமெரிக்கத் தேசியச் சிறுநீரக அறக்கட்டளை 2007இல் நெஃப்ரோபதியையும் விட்டுவிட்டு ‘நீரிழிவுச் சிறுநீரக நோய்’ என்று எழுதத் தொடங்கியது. 2023இல் அமெரிக்க இதயச் சங்கம் உடற்பருமன், நீரிழிவு, சிறுநீரக நோய், இதய நோய் நான்கையும் ஒரே குடைக்குள் கொண்டுவந்து ‘இதய–சிறுநீரக–வளர்சிதைமாற்ற நோய்த்தொகுதி’ என்று பெயரிட்டது. விளக்கத்துக்குள் போனால் அழற்சி இருக்கிறது. தலைப்பில் உறுப்புகளும் வளர்சிதைமாற்றமும்தான்.