எல்லாருக்கும் எல்லாம் தெரிய வேண்டுமா? 629-ம் ரூட்டர் ஏரியாவும்



உங்களில் சிலர் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் நெட்வொர்க் வேலையில் இருக்கிறீர்கள். ரூட்டர்களை 'ஏரியா'வாகப் பிரிப்பது உங்களுக்கு அன்றாட வேலை. அதன் வரலாற்றை, அந்த வேலை தெரியாத சொந்தக்காரர்களுக்கும் புரியும்படி சொல்கிறேன்.

முதலில் நம்ம ஊர் தபால். திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு 'அஞ்சல்' என்று தனித் தபால்துறை இருந்தது. மணி கட்டிய கோலோடு அஞ்சலோட்டக்காரர் ஓடுவார். 1888-ல் சங்கு முத்திரையோடு சொந்தத் தபால்தலையும் வந்தது. அந்தத் தலை பிரிட்டிஷ் இந்தியத் தபாலில் செல்லாது. 1951-ல் அஞ்சல் இந்தியத் தபால்துறையோடு இணைந்தது. 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு இணைந்தோம். 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்தது. நாகர்கோவில் 629001, கன்னியாகுமரி 629702. டெல்லியில் கடிதம் பிரிப்பவருக்கு நம்ம தெருக்கள் தெரிய வேண்டாம். 629 தெரிந்தால் போதும். மிச்ச மூன்று இலக்கத்தை இங்குள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கம்ப்யூட்டர் உலகம் இதே பாடத்தைத் தன் வழியில் படித்தது. 1969-ல் அமெரிக்காவில் தொடங்கிய அர்பாநெட்டில் ஒவ்வொரு கணுவும் பக்கத்துக் கணு சொன்ன தூரத்தை நம்பித்தான் வழி பார்த்தது. கேள்விப்பட்டதை வைத்து வழி சொல்வது மாதிரி. ஒரு கம்பி அறுந்த செய்தி மெதுவாகத்தான் பரவும். அதற்குள் தகவல்கள் வட்டமடிக்கும். 1979-ல் முறையை மாற்றினார்கள். ஒவ்வொரு கணுவும் தன் இணைப்புகளின் நிலையை எல்லாருக்கும் அறிவிக்கும். எல்லாரிடமும் முழு வரைபடம் இருக்கும். அதை வைத்து ஒவ்வொருவரும் குறுக்குவழியைக் கணக்கிடுவார்கள். கணக்கு முறை, டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்டது. இதுதான் லிங்க்-ஸ்டேட்.

1980 அக்டோபர் 27 அன்று ஒரு கணுவின் கருவிக் கோளாறால் ஒரே அறிவிப்பு மூன்று வேறு வரிசை எண்களோடு பரவியது. ஒன்றைவிட ஒன்று புதியது என்று எல்லாக் கணுக்களும் மாறி மாறி நம்பின. நெட்வொர்க் முழுவதும் பல மணி நேரம் முடங்கியது. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தால், ஒருவரின் பிழையும் எல்லாரையும் சேரும்.

நெட்வொர்க் பெரிதாகப் பெரிதாக இன்னொரு சிக்கலும் வந்தது. வரைபடம் பெருத்தது, ரூட்டரின் நினைவகமும் வேகமும் போதவில்லை. ஜான் மோய் எழுதிய ஓ.எஸ்.பி.எஃப். 1989-ல் வெளிவந்தது. அதில் நெட்வொர்க் ஏரியாக்களாகப் பிரிந்தது. முழு வரைபடம் அவரவர் ஏரியாவுக்குள் மட்டும். நடுவில் பூஜ்ய ஏரியா. மற்ற ஏரியாக்கள் அதன் வழியாகத்தான் பேசிக்கொள்ளும். 1991-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 'ஸ்டப்' ஏரியா சேர்ந்தது. 1994-ல் என்.எஸ்.எஸ்.ஏ. வந்தது.

சொந்தக்காரர்களுக்காக நம்ம மாவட்டத்தை வைத்துச் சொல்கிறேன். ஒரே ரோடு உள்ள மலையோரக் கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்கு எந்த வழி என்று அங்கே பலகை வைக்க வேண்டாம்; "வெளியே போவதெல்லாம் இந்த ரோட்டில்" என்ற ஒரே பலகை போதும். அதுதான் ஸ்டப். பக்கத்து ஊர்களின் பெயரைக்கூட எழுதாமல் அந்த ஒரு பலகையை மட்டும் வைத்தால் முழு ஸ்டப். களியக்காவிளையோ அப்படியல்ல, அதற்குக் கேரளத்துக்குச் சொந்த வாசல் உண்டு. வெளிப்பலகைகள் வேண்டாம், ஆனால் என் வாசலைப் பற்றி மற்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டும் என்றால், அது என்.எஸ்.எஸ்.ஏ.

இதற்கு விலையும் உண்டு. கிராமத்துக்கு இரண்டு ரோடு இருந்தால், பலகை கிட்டத்து ரோட்டைக் காட்டும். போகும் ஊருக்கு அது சுற்றுவழியாக இருக்கலாம். இன்னொன்று: ஏரியாவிலுள்ள எல்லா ரூட்டரிலும் 'இது ஸ்டப்' என்று எழுத வேண்டும். ஒன்றில் விட்டால் அது பக்கத்து ரூட்டரோடு உறவே வைக்காது. கம்பி நன்றாக இருக்கும், பேச்சு இருக்காது.

இப்போது நினைவகம் மலிவு. ஒரே ஏரியா போதும் என்று பலர் சொல்வது நியாயம்தான். ஆனால் காரணம் நினைவகம் மட்டும் அல்ல. ஒரு மூலையில் கம்பி அறுந்து அறுந்து ஒட்டினால், முழு வரைபடத்தையும் மறுபடி கணக்கிடும் வேலை அந்த ஏரியாவோடு நிற்கும். ஆஸ்பத்திரியும் பேங்கும் தாலுகா ஆபீசும் நெட்வொர்க்கை நம்பி நிற்கும் காலம் இது. ஒரு மூலையின் கோளாறு எதுவரை பரவலாம் என்பதை முடிவு செய்வது நீங்கள்தான்.

ஆகவே பிள்ளைகளே, ஏரியா வகையைக் கட்டளையாக மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். இந்த இடத்துக்கு எத்தனை வாசல், யாருக்கு எவ்வளவு தெரிந்தால் போதும் என்று முதலில் கேளுங்கள். பதிலை ஒரு வரியில் எழுதியும் வையுங்கள். உங்களுக்குப் பின் வருபவருக்கு உதவும்.

இந்த வேலையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள்.