ஊராய்வும் ஊர் எல்லையும்: காஞ்சிபுரத்தை முன்வைத்து

ஒரு நகரின் தொழில், குடும்பம், கல்வி, வழிபாடு, பொதுவாழ்வு ஆகியவற்றை ஆய்வாளர்கள் அங்கேயே தங்கி, ஒன்றோடொன்று பொருத்திக் காணும் முறை ‘ஊராய்வு’ எனப்படும். 1920களில் தொடங்கி 1960கள் வரை அமெரிக்கச் சமூகவியலில் ஓங்கி நின்ற இம்மரபின் ஒருங்கிணைந்த பார்வை காஞ்சிபுரத்துக்குத் தேவை. ஆனால் நகரைத் தனித்த தீவாகவும் வரலாறற்றதாகவும் கருதும் அதன் குறை இங்கே ஏற்கத்தக்கதன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தியானா மாநிலத்தின் மன்சி நகரை ஆராய்ந்த இராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் இணையர், ‘மிடில்டவுன்’ என்னும் தம் நூலில் (1929) பிழைப்பு, இல்லறம், இளையோர் பயிற்சி, ஓய்வு, சமயம், பொதுப்பணி என ஆறு தலைப்புகளில் ஊர் வாழ்வைப் பகுத்தனர். மாசசூசெட்ஸின் நியூபரிபோர்ட்டை 1930களில் ஆராய்ந்த லாயிட் வார்னர் குழுவினரின் ‘யாங்கி சிட்டி’ வரிசை 1941 முதல் 1959 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. இவற்றுள் 1947இல் வந்த நான்காம் தொகுதி, 1933ஆம் ஆண்டின் காலணித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைக் கூலித் தகராறாக மட்டும் காணாமல், இளைஞன் படிப்படியாகத் தொழில் கற்றுத் தேர்ந்தவனாக உயரும் ஏணியை இயந்திரம் சிதைத்ததையும், ஆலையுடைமை வெளியூர் முதலாளிகளிடம் சென்றதையும், அதனால் தொழிலாளரின் ஊர்மதிப்பு சரிந்ததையும் இணைத்து விளக்கியது.

காஞ்சிபுரத்துக்கு இத்தகைய இணைப்புப் பார்வை போதிய அளவில் வாய்க்கவில்லை. 1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பையொட்டிச் சென்னை மாநிலத்தில் வெளியிடப்பட்ட சிறப்பறிக்கைகளில், காஞ்சிபுரத்துப் பட்டு நெசவு கைவினை வரிசையிலும், செங்கல்பட்டு மாவட்டக் கோயில்கள் வேறொரு வரிசையிலும் இடம்பெற்றன. நிர்வாக வசதிக்கான இப்பகுப்பு, தறியையும் கோயிலையும் தொடர்பற்றவை போலக் காட்டிவிட்டது. உண்மையிலோ, உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைக்கும் கோர்வை முறைக்கு நெசவாளருக்குத் துணையாக இன்னொருவர் தறியருகே தேவைப்படுவதாலும், அத்துணைவர் பெரும்பாலும் வீட்டாராகவே இருந்துவந்ததாலும், லிண்ட் இணையர் பிரித்துவைத்த பிழைப்பு, இல்லறம், இளையோர் பயிற்சி மூன்றும் இங்கே ஒரே குழித்தறியில் கூடுகின்றன.

எனினும் அமெரிக்க முறையை அப்படியே பெயர்த்து நடுவது பொருந்தாது. வார்னர் நியூபரிபோர்ட் மக்களை ஊர்மதிப்பின்படி ஆறு வர்க்கங்களாக அடுக்கினார். அந்த அடுக்கு ஊருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஆனால் காஞ்சிபுரத்தின் நெசவுச் சமூகமான செங்குந்தக் கைக்கோளரை ஆராய்ந்த மேட்டிசன் மைன்ஸ், தம் நூலில் (1984) அச்சமூகத்தின் எழுபத்திரண்டு நாடுகள் (வட்டாரச் சமூக அவைகள்) என்னும் அமைப்பைக் கவனப்படுத்தினார். மரபுப்படி காஞ்சிபுரம் இவற்றுக்குத் தலைமையான மகாநாடு. ஆகவே இந்நகர நெசவாளரின் மதிப்பு நகருக்கு வெளியிலும் எடைபோடப்பட்டது. பட்டு கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருவதால், நெசவாளரின் பொருளியலும் நகர எல்லைக்குள் அடங்குவதில்லை. அண்மையிலுள்ள மற்றொரு பட்டு நகரான ஆரணியை 1973 முதல் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த பார்பரா ஹாரிஸ்-வொய்ட், நகரையும் சுற்றுக்கிராமங்களையும் சேர்த்தே கண்டது இவ்வகையில் சிறந்த முன்மாதிரி.

இரண்டாவது குறை காலம் சார்ந்தது. ஸ்டீபன் தெர்ன்ஸ்ட்ராம் 1964இல் வெளியிட்ட நூலில், பத்தொன்பதாம் நூற்றாண்டு நியூபரிபோர்ட்டின் மக்கள்தொகைக் கணக்கேடுகளையும் சேமிப்பு வங்கிப் பதிவுகளையும் ஆராய்ந்து, வார்னர் ஊராரின் நினைவையே வரலாறாக ஏற்றுக்கொண்டார் எனக் காட்டினார். காஞ்சிபுரத்துக்கோ சான்றுகள் நெடுங்காலத்துக்கு நீள்கின்றன: இந்நகரக் கைக்கோளருக்கு இருந்ததைப் போலவே தண்டு எனப்படும் பல்லக்கும் சங்கும் பயன்படுத்தும் உரிமை பிற பகுதிக் கைக்கோளருக்கும் வழங்கப்பட்டதை விஜயநகரக் காலக் கல்வெட்டு கூறுகிறது. நெசவாளரின் மதிப்புக் கோரிக்கை தற்காலத்தில் தோன்றியதன்று என்பதற்கு இதுவே சான்று.

மூன்றாவது எச்சரிக்கை விடுபட்டோர் பற்றியது. மன்சியில் வாழ்ந்த கறுப்பின மக்களை லிண்ட் இணையர் தம் ஆய்விலிருந்து அறிந்தே விலக்கினர். தறியில் அமர்வோரை மட்டும் நெசவாளராகக் கொள்ளும் ஆய்வு, நூல் சுற்றும் பெண்களையும் பாவு போடுவோரையும் சாயம் தோய்ப்போரையும் அதேபோல் விட்டுவிடும்.

ஆகவே காஞ்சிபுரத்துக்கான ஊராய்வு, ஒரு தறிவீட்டில் தொடங்கிக் கூட்டுறவுச் சங்கம், வணிகர், கோயில், நாடு, தொலைதூரச் சந்தை எனத் தொடர்புகள் செல்லும் இடமெல்லாம் செல்ல வேண்டும். வாய்மொழியைக் கல்வெட்டோடும் சங்கப் பதிவேடுகளோடும் ஒப்புநோக்க வேண்டும். தமிழகப் பல்கலைக்கழகங்களின் சமூகவியல், வரலாறு, பொருளியல் துறைகள் இப்பணியைக் கூட்டாக மேற்கொள்வது அவசியம்.