தடையாணை இல்லாத தணிக்கை: தென்காசி வட்டாரத்திலிருந்து ஒரு பார்வை

தமிழில் பால்புதுமையினர் இலக்கியத்தை முடக்கியது யார் என்று கேட்டு அரசாணைகளைப் புரட்டுவதில் பயனில்லை. எதை, யார் வாயால், எந்த உணர்ச்சியோடு சொன்னால் அச்சேற்றலாம் என்பதைப் பதிப்பாசிரியரின் மேசைதான் தீர்மானித்து வந்திருக்கிறது. தென்காசி, குற்றாலம் வட்டாரத்து நூல்களே இதற்குச் சான்று.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’யில் வசந்தவல்லி உலாவரும் குற்றாலநாதர்மேல் மையல்கொண்டு உருகுகிறாள். பிரிந்த குறத்தி சிங்கியைக் கண்டதும் அவள் கணவன் சிங்கன் பேசும் பேச்சில் காமம் ஒளிவுமறைவின்றி வெளிப்படுகிறது. நாயக்க மன்னர் நிலம் கொடுத்துப் போற்றிய நூல் இது. இன்று பாடத்திட்டத்திலும் இருக்கிறது. காமம் அச்சுக்கு ஆகாது என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது. ஆண்–பெண் காமத்துக்கு மரபின் காப்பு உண்டு. மற்றக் காமத்துக்கு அது கிடையாது.

குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. (1882–1954) தம் ரசனைக்கு ஒவ்வாத கம்பன் பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கிப் பதிப்பித்தார். கம்பன்மேல் அவர் கொண்ட காதல் பெரிது. ஆனாலும், பாடலை நீக்குவதற்குப் பதிப்பாசிரியரின் ரசனை ஒன்றே போதும் என்ற எண்ணத்துக்கு அந்தப் பதிப்பு பெருமை சேர்த்துவிட்டது. அந்த எண்ணம் இன்றும் பதிப்பகங்களில் உயிரோடிருக்கிறது.

தென்காசியை அடுத்த திப்பணம்பட்டியில் பிறந்த சு.சமுத்திரம், கிராமத்துச் சுயம்பு மேகலையாகும் கதையை ‘வாடாமல்லி’ என்று எழுதினார். 1990-களில் ஆனந்த விகடன் அதைத் தொடராக வெளியிட்டது. வீடுதோறும் படிக்கப்பட்ட ஓர் இதழில் திருநங்கை ஒருவர் கதைத்தலைவியாக நின்றது சாதாரணக் காரியமன்று. அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் நாவல் கதவைத் திறந்த விதத்தையும் பார்க்க வேண்டும். எழுதியவர் வெளியிலிருந்து பரிவோடு பார்த்தவர். துரத்தப்பட்டவரின் துயரம் பக்கம்பக்கமாக விரிகிறது. மேகலையின் விருப்பமும் இன்பமும் அந்த அளவுக்கு இடம் பெறவில்லை. இரக்கத்துக்குரியவராக வருபவருக்கு அனுமதி கிடைத்தது.

தன் கதையைத் தானே சொன்னவருக்கு என்ன நேர்ந்தது? திருநங்கை ஆ.ரேவதி தமிழில் எழுதிய தன்வரலாறு 2010-இல் வ.கீதாவின் மொழிபெயர்ப்பில் முதலில் ஆங்கிலத்தில் வந்தது. தமிழ் மூலம் ‘வெள்ளை மொழி’ 2011-இல்தான் நூலாயிற்று. நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவரின் வாழ்க்கையை அவருடைய ஊர்க்காரர்களுக்கு முன்பே ஆங்கில வாசகர்கள் படித்துவிட்டார்கள். இதற்கு எந்த நீதிமன்றமும் ஆணையிடவில்லை.

இஸ்மத் சுக்தாய் 1942-இல் வெளியிட்ட ‘லிஹாஃப்’ என்ற உருதுக் கதைக்காக லாகூரில் ஆபாச வழக்கைச் சந்தித்தார், வாதாடி வென்றார். ‘மாதொருபாகன்’ நாவல் வழக்கில் 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றது. வழக்கென்று வந்துவிட்டால் எதிர்வாதமும் தீர்ப்பும் ஆவணமாகின்றன. பதிலின்றித் திரும்பிய கையெழுத்துப்படிக்கு மேல்முறையீடு எங்கே? ஆகவே நம் ஆய்வு அச்சான நூல்களோடு நின்றுவிடக் கூடாது. இதழாசிரியர் கடிதங்கள், திருத்தப்பட்ட மெய்ப்புகள், தொடராக வந்த வடிவத்துக்கும் நூல்வடிவத்துக்கும் உள்ள வேறுபாடுகள், எழுதியவர்களின் பெட்டியில் கிடக்கும் படிகள் ஆகியவற்றை இப்போதே திரட்டத் தொடங்க வேண்டும்.